பள்ளிக்குப் பின்னால் ஒரு வீடு

நான் ஓட்டிக்கொண்டிருந்த லோரியின் கதவில் மூன்று பெயர்கள் இருந்தன. பளிச்சென்று தெரிந்தது மாநகர் மன்றம். வெயிலில் சாயம் உரிந்த மூலையை உற்றுப் பார்த்தால் அதற்கு அடியில் நகராண்மைக் கழகம். அதற்கும் அடியில், பழைய பச்சை நிறத்தில், மாவட்ட மன்றம். ஊர் வளர வளர அலுவலக வாசலில் பலகை மாறியது, நம் சட்டைப் பையில் தைத்திருக்கும் சின்னம் மாறியது, தலைவர்கள் மாறினார்கள். லோரி மாறவில்லை. எஞ்சினை மட்டும் மாற்றினார்கள். ஊர் சனங்கள் இந்தப் பெயர்களில் எதையும் சொல்வதில்லை. மலாயில் மன்றத்துக்கு மாஜ்லிஸ் என்று பெயர். அன்றும் மாஜ்லிஸ்தான், இன்றும் மாஜ்லிஸ்தான். "மாஜ்லிஸ் லோரி வருது, மேசைய உள்ள இழு" என்பார்கள். நம்மைக் கண்டால் கடைக்காரர்கள் செய்யும் முதல் காரியம் அதுதான்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். வகுப்பில் உட்கார்ந்ததைவிடப் பால்மரத்தடியில் நின்றது அதிகம். அதனால் நான் சொல்கிறேன், என் மருமகள் எழுதுகிறாள். நான் "வந்தாங்க" என்றால் அவள் "வந்தார்கள்" என்று திருத்திவிடுகிறாள். என் பேச்சை எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள், மற்றவர்கள் பேசியதை மட்டும் அவர்கள் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். அதற்குக் காரணம் இருக்கிறது. நான் சொல்ல வந்ததே அதுதான்.

கால்வாயை எப்படித் தூர்வாருவது, விழுந்த மரத்தை எந்தப் பக்கத்திலிருந்து அறுப்பது என்பதெல்லாம் உங்களுக்குக் கற்றுத்தர ஆட்கள் இருக்கிறார்கள். நான் அதற்குள் போகவில்லை.

நம் ஊர் முன்பு தோட்டம். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரியாது. பேரங்காடி நிற்கிறதே, அங்கேதான் ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோர் இருந்தது. தோட்டத்தை விற்றார்கள், தாமான் என்று குடியிருப்பு கட்டினார்கள், தாமானைச் சுற்றி இன்னும் நாலு தாமான் வந்தது, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள் வந்து நிறைந்தார்கள். ஆனால் நம் ஆட்கள் இன்றைக்கும் அந்தப் பேரங்காடியைப் "பழைய ஸ்டோரு" என்கிறார்கள். அதையே சீனர்கள் மைல்கல்லை வைத்து எட்டாங்கட்டை என்கிறார்கள். மலாய்க்காரர்கள் பக்கத்துக் கம்பத்தின், அதாவது கிராமத்தின், பெயரைச் சொல்கிறார்கள். அலுவலகத்து வரைபடத்தில் நாலாவதாக ஒரு பெயர் இருக்கிறது. அதை யார் வாயிலும் நான் கேட்டதில்லை.

இந்தப் பெயர்களுக்கு நடுவில்தான் நம் வேலை.

எங்கள் மண்டோரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அவசர வேலைக் குழுவுக்கு அவர்தான் தலைவர். மலாய்க்காரர், சிகாமட்டில் பிறந்தவர். பெயரைப் போடாதே என்று முன்பே ஒருமுறை சொல்லியிருக்கிறார், அதனால் போடவில்லை. சின்ன வயதில் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்ததால் தமிழ் பேசுவார். இலக்கணம் கேட்காதீர்கள். சிகாமட் ஆறு பொங்கும்போதெல்லாம் அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் வந்துபோகுமாம். "தண்ணி வந்தா கதவு தட்டாது, மணியம்" என்பார். வாக்கியில், அதாவது வாக்கி டாக்கியில், கத்த மாட்டார். எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பேசும் பொத்தானை அழுத்திவிட்டு ஒரு மூச்சு விடுவார், பிறகுதான் பேசுவார். எங்களுக்கு முதலில் அந்த மூச்சுச் சத்தம்தான் கேட்கும். ஆட்கள் அதைச் செய்து காட்டிச் சிரிப்பார்கள். அவருக்கும் தெரியும்.

அவரோடு போனபோது நடந்த ஒரு வேடிக்கையை முதலில் சொல்லிவிடுகிறேன். அது இல்லாமல் மற்றது புரியாது.

ஒரு நாள், கால்வாய் பக்கத்தில் யாரோ குப்பை கொட்டுகிறார்கள் என்று புகார் வந்திருப்பதாகச் சொல்லி எங்களை அனுப்பினார்கள். மலாயில் கால்வாய்க்குப் பாரிட் என்று பெயர். மண்வெட்டி, வாளி, முழங்காலுக்கு மேல் வரும் பூட்ஸ் எல்லாம் எடுத்துக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் காய்ந்த திடல். நடுவில் ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் ஒரு பெரியவர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாங்கள் பூட்ஸோடு திடலைச் சுற்றிச் சுற்றி வருவதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "என்னப்பா தேடுறீங்க? எதையாச்சும் தொலச்சிட்டீங்களா?" என்றார்.

"பாரிட் தேடுறோம் ஐயா. பாரிட்டுல குப்ப போடுறாங்கன்னு புகாரு."

"பாரிட்டா? பெரட்டுன்னு சொன்னேன்யா. இதான் பெரட்டுக்களம். எங்கப்பன் கோழி கூவுறதுக்கு முன்னாடி இங்கதான் வந்து நிப்பாரு. அந்தா பாரு குப்ப, மரத்துக்குப் பின்னால. ரெண்டு கண்ணும் இருக்குல்ல?"

தோட்டத்தில் விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம் பெரட்டுக்களம். தோட்டம் போய்விட்டது, பெரட்டு என்ற பெயர் போகவில்லை. பெரியவர் தமக்குத் தெரிந்த மலாயில் பெரட்டு என்று சொல்லியிருக்கிறார். கவுண்டரில் இருந்தவர் காதில் பாரிட் என்று விழுந்திருக்கிறது. மண்டோர் லோரிப் படியில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "சொல்லு வீட்ட விட்டு வரும்போது ஒரு சட்டை, ஆபீஸ் வரும்போது வேற சட்டை" என்றார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு நாங்கள் குப்பையை அள்ளினோம். பெரியவர் மேற்பார்வை பார்த்தார்.

அது சிரித்துவிட்டுப் போகக்கூடிய தப்பு. எல்லாத் தப்பும் அப்படி இருப்பதில்லை.

வருடக் கடைசி மழை. நீங்களும் இனிமேல் பார்ப்பீர்கள். மழை மட்டும் என்றால் நம் ஊர் தாங்கும். மழையும் கடல் ஏற்றமும் ஒரே நேரத்தில் வந்தால் ஆறு தண்ணீரை எங்கே கொண்டுபோய் விடும்? திரும்பித் தாமானுக்குள்தான் வரும். அன்று மத்தியானமே வானம் இருட்டிக்கொண்டது. பொம்பாக்காரர்களின், அதாவது தீயணைப்புப் படையினரின், படகுகள் எல்லாம் வேறொரு தாமானில் மாட்டிக்கொண்டன. எங்கள் லோரி உயரம் என்பதால் எங்களையும் ஆட்களை ஏற்றி இறக்கச் சொன்னார்கள். முன்னால் நானும் மண்டோரும். பின்னால் இரண்டு ஆட்கள், கயிறு, சங்கிலி ரம்பம்.

கண்ட்ரோல் ரூமில் கோமதி இருந்தாள். பெர்மாஸ் ஜெயாவிலிருந்து வரும் பெண், வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. அன்று அங்கே தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். போனில் ஒரு பெண் தமிழில் அழுகிறாள் என்றதும் மற்றவர்கள் கருவியை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். பேசியதை அவள் பிற்பாடு எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரு சொல் மாறாமல் சொல்வாள்.

"அக்கா, எங்க வாப்பா வீட்டுல தனியா இருக்காஹ. ஒரு பக்கம் காலு வராது. தண்ணி உள்ள வந்திருச்சுன்னு சொன்னாஹ, அதோட போனு செத்துப்போச்சு."

"வீடு எங்கம்மா?"

"பள்ளிக்குப் பின்னால. பச்ச கேட்டு. அக்கா, நான் சிங்கப்பூருல கம்பெனில இருக்கேன். பிரேக்கு முடிஞ்சிருச்சு, போன உள்ள கொண்டுபோக விடமாட்டாங்க. லீவு சொல்லிட்டு ஓடி வந்தாலும் பாலத்துல ஜாமு. நீங்கதான் பாக்கணும் அக்கா."

அவ்வளவுதான். கோமதி திரும்பக் கூப்பிட்டாள், அணைத்து வைத்திருந்தது.

வாக்கியில் மலாயில்தான் பேச வேண்டும், அது விதி. எல்லோருக்கும் புரிய வேண்டுமே. கோமதி மலாயில் சொன்னாள்: தமிழ்ப்பள்ளிக்குப் பின்னால், பச்சை கேட், நடக்க முடியாத பெரியவர். மண்டோர் மூச்சு விட்டு, "தெரிமா" என்றார். செய்தி கிடைத்தது என்று அர்த்தம். நான் லோரியைத் திருப்பினேன்.

நம் தமிழ்ப்பள்ளி மேட்டில் இருப்பது உங்களுக்குத் தெரியும். மேடு ஏறும்போதே எனக்கு உள்ளுக்குள் ஏதோ சரியில்லை என்று பட்டது. அங்கே தண்ணீர் ஏறுவதென்றால் ஊர் முழுக்க முழுகியிருக்க வேண்டும். ஆனால் மழையில் எது எப்படி என்று யாருக்குத் தெரியும், பின்பக்கம் பள்ளமாக இருக்கலாம் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவசரத்தில் மனம் இப்படித்தான் வேலை செய்யும். சந்தேகத்துக்கு அதுவே ஒரு பதிலும் தயாராக வைத்திருக்கும்.

கேட்டில் வாட்ச்மேன் குடையோடு வந்தார்.

"பின்னால வீடா? பின்னால செம்பனத் தோட்டந்தான் இருக்கு. குரங்குதான் குடியிருக்கு. அதுக்கா லோரி கொண்டாந்தீங்க?"

"பச்ச கேட்டு, வயசானவரு, நடக்க முடியாதவரு."

"நான் இங்க இருக்கற காலத்துல அப்படி ஒருத்தரும் இல்லியே."

அங்கே வீடு இல்லை என்று மண்டோர் வாக்கியில் சொன்னார். அந்த நேரம் பார்த்து, எங்களுக்கெல்லாம் மேலே இருக்கும் அதிகாரி வாக்கியில் வந்தார். அவரும் அன்று காலையிலிருந்து உட்காரவில்லை. பாலத்துக்குப் போகும் பெரிய சாலையில் மரம் விழுந்து வண்டிகள் நிற்கின்றன, சங்கிலி ரம்பம் உங்கள் லோரியில்தான் இருக்கிறது, ஆள் இல்லை என்றால் அந்தப் புகாரை முடித்துவிட்டு உடனே வாருங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. போய்ப் பார்த்தாயிற்று, வீடு இல்லை. யாரோ விலாசம் மாற்றிச் சொல்லிவிட்டார்கள். இப்படிப்பட்ட போன்கள் வருவது உண்டு. நான் கியரில் கைவைத்தேன்.

மண்டோர் என் கைமேல் தம் கையை வைத்தார்.

"துவான், கொஞ்சம் நேரம் குடுங்க" என்று அதிகாரியிடம் மலாயில் கேட்டார். பிறகு அதே வாக்கியில், விதியை மீறி, எல்லோர் காதிலும் விழும்படி தமிழில் பேசினார்.

"கோமதி. மலாய் வேணாம். அந்தப் பொண்ணு உன்கிட்ட என்ன பேசினா? அப்படியே பேசு. நீ மாத்தாதே."

"நான் சரியாத்தான் சொன்னேன் பாச்சிக்" என்றாள். மாமா என்பதற்கு மலாயில் பாச்சிக். வீடு இல்லை என்று அவளுக்கும் கேட்டிருந்தது. வேலை போய்விடும் என்று நினைத்தாளோ, அந்தப் பெரியவர் போய்விட்டார் என்று நினைத்தாளோ.

"நீ தப்புன்னு சொல்லல லா. அவ பேசினத நான் கேக்கணும். அவ மாதிரியே பேசு."

அவள் சொன்னாள். "எங்க வாப்பா வீட்டுல தனியா இருக்காஹ. ஒரு பக்கம் காலு வராது. தண்ணி உள்ள வந்திருச்சுன்னு சொன்னாஹ. வீடு பள்ளிக்குப் பின்னால…"

அதோடு நின்றுவிட்டாள்.

"பாச்சிக்," என்றாள். "வாப்பான்னாங்க. அவங்க முஸ்லிம். நம்ம ஸ்கூல் இல்ல. அவங்க பள்ளின்னா பள்ளிவாசல்."

இதை நான் பிற்பாடு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். இது யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை. நம் ஊரில் முஸ்லிம் தமிழர்களோடு கூடவே வளர்ந்தவர்கள் நாம். அவர்கள் கடையில் சாப்பிடுகிறோம், "பாய் எங்க?" என்றால், "பள்ளிக்குப் போயிருக்காஹ" என்று பதில் வரும், நாமும் தலையாட்டிவிட்டு உட்காருவோம். ஆனால் தமிழ்ப்பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து, தமிழ்ப்பள்ளிக் கூட்டத்துக்குப் போய், அதற்கு நன்கொடை கேட்டு அலைகிற நமக்கு, பள்ளி என்று காதில் விழுந்தால் ஒரே ஒரு கட்டடம்தான் கண்ணில் நிற்கும். கோமதி அந்தக் கட்டடத்தைத்தான் மலாயில் சொன்னாள். மலாயில் போனதும் அந்தச் சொல்லில் இருந்த இன்னொரு கதவு மூடிக்கொண்டது. எங்கள் யாருக்கும் அங்கே ஒரு கதவு இருந்ததே தெரியவில்லை.

மண்டோர் எனக்குப் பாதையைச் சொல்லவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்னப் பள்ளிவாசல் ஆற்றோரத்தில் இருக்கிறது. மலாய்க்காரர்கள் அதைச் சூராவ் என்பார்கள். ஊரிலேயே தாழ்வான இடம். நான் திருப்பிவிட்டேன்.

அவர் அதிகாரியிடம் பேசினார். "துவான், ஆத்தோரச் சூராவுக்குப் போறேன். மரத்துக்கு அப்புறம் வர்றேன். யாராச்சும் கேட்டா நான் ஒங்க பேச்ச கேக்கலன்னு சொல்லுங்க." மலாயில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரே சொல் வந்தது. "பெர்கி." போ.

இறக்கத்தில் இறங்கும்போது மண்டோர் மறுபடி வாக்கியை எடுத்தார். கோமதியைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நியாயமும் உண்டு, எங்களுக்கு எவ்வளவு நேரம் போய்விட்டது. அவர், "கோமதி, நீயே கண்டுபிடிச்சிட்டே. நல்லது. இப்ப போயி தண்ணி குடி. அடுத்த போனு வரும்" என்றார்.

நீங்கள் பெரிய வேலைக்கு வருவீர்கள், உங்களுக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். பயந்துபோன ஆளுக்கு அடுத்த போன் சரியாகக் காதில் விழாது.

பள்ளிவாசல் சந்தின் முனையிலேயே தண்ணீர் சக்கரத்தை முக்கால்வாசி மூடிவிட்டது. நான் இன்னும் உள்ளே போகலாம் என்றேன். அவர் வேண்டாம் என்றார். "லோரி செத்தா நாம போறதுக்கு கால் இருக்கு. அந்த ஆளு திரும்பி வர்றதுக்கு என்ன இருக்கு?" இறங்கிக் கயிறோடு நடந்தோம். பள்ளிவாசல் படியில் நாலைந்து பேர் பாய்களைச் சுருட்டி மேல்மாடிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"பின்னால பச்ச கேட்டு வீட்டுல ஆள் இருக்காரா?" என்று கேட்டேன்.

"காசிம் பாயா? அவஹ மகளோட சிங்கப்பூர் போயிட்டாஹளே."

"போகல. உள்ளதான் இருக்காரு."

அவர்கள் சுருட்டிய பாய்களைப் போட்டுவிட்டு எங்கள் பின்னால் வந்தார்கள். பத்தடி தள்ளி ஒரு மனிதர் இருக்கிறார், அவர்களுக்கும் தெரியவில்லை. அவர்களையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

கதவைத் தள்ளித் திறந்தோம். கூடத்தில் செருப்பு, தலையணை, சோற்றுப்பானை மூடி எல்லாம் மிதந்தன. சமையல்கட்டில், அடுப்பு வைக்கும் கல்மேடையில், கால் இரண்டையும் தூக்கிப் போட்டுக்கொண்டு காசிம் பாய் உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. தண்ணீர் மேடையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நடக்க முடியாத மனிதர் அதன்மேல் எப்படி ஏறினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"யாரு?"

"மாஜ்லிஸ், பாய்."

"மாஜ்லிஸா?" என்றார். "சம்மனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. மண்டோரை உற்றுப் பார்த்தார்.

"இந்த ஆள எனக்குத் தெரியும். கடத்தெருவுல என் கட முன்னால கெடந்த மேசைய லோரில ஏத்துன ஆளு இவருதான். நான் கெஞ்சக் கெஞ்ச ஏத்துனாரு."

அது உண்மைதான். நடைபாதையில் மேசை போடக்கூடாது என்று அதிகாரிகள் எடுக்கச் சொன்னால் தூக்குவதற்கு எங்கள் லோரியைத்தான் கூப்பிடுவார்கள். மண்டோர் தண்ணீருக்குள் நின்றபடி தலையைக் குனிந்தார். பிறகு சொன்னார்:

"அன்னிக்கு மேசை. இன்னிக்கு நீங்க, பாய். லோரி அதே லோரிதான்."

காசிம் பாய் ஒரு கையை நீட்டினார். "சரி, மெதுவா தூக்கு. மேச மாதிரி நெனச்சு எறியாத" என்றார்.

தூக்குவதுதான் கஷ்டமாக இருந்தது. முதுகில் சுமக்கலாம் என்றால் கனம், ஒரு பக்கம் பிடிமானமும் இல்லை. சந்தில் தண்ணீர் இழுக்கிறது, ஒருவர் சறுக்கினால் இரண்டு பேரும் போய்விடுவோம். மண்டோர் சமையல்கட்டைச் சுற்றிப் பார்த்தார். மூலையில் ஒரு மடக்கு மேசை, பழைய கடை மேசை, தடித்த பலகை. அதன் காலை மடக்கித் தண்ணீரில் போட்டார். மிதந்தது. அதில் காசிம் பாயைப் படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினோம். பக்கத்துக்கு மூன்று பேர் பிடித்தோம்.

வெளியே வந்ததும் நேராகச் சந்து வழியே போனால் லோரி தெரிந்தது. எங்கள் ஆள் ஒருவர் அந்தப் பக்கம் காலை வைத்தார். மண்டோர் நிறுத்தினார். நடுச்சந்தில் மூடி இல்லாத கால்வாய் இருக்கிறது, தண்ணீருக்கு அடியில் அது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. பள்ளிவாசல் சுவரை ஒட்டிச் சுற்றிப் போவோம், ஜன்னல் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார். அது நீண்ட வழி. மழை கண்ணைத் திறக்க விடவில்லை. ஒரு இடத்தில் என் கால் வழுக்கி, மேசை ஒரு பக்கம் சரிந்தது.

"எடது பக்கம் தாழுது," என்றார் பாய், கண்ணை மூடியபடி. "பிரியாணி அண்டாவா இருந்தா இந்நேரம் கொட்டியிருக்கும். எல்லாரும் ஒண்ணா மூச்சு விட்டுத் தூக்குங்க."

அத்தனை ஆண்டுகள் கடை நடத்திய மனிதர். படுத்துக்கொண்டே ஆறு பேரை வேலை வாங்கினார். அந்த நேரத்தில் பள்ளிவாசல் மேல்மாடியிலிருந்து அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டது. மின்சாரம் இல்லை, வெறும் வாயால் சொன்னார்கள். பாய் பேசுவதை நிறுத்தினார். உதடு மட்டும் அசைந்தது. மண்டோரின் உதடும் அசைந்தது.

மேசையோடு அவரை லோரியில் ஏற்றி, மேட்டில் இருக்கும் நிவாரண மையத்தில் இறக்கினோம். பிறகு மரத்தை அறுக்கப் போனோம். போகும் வழியில் மண்டோர் வாக்கியில் மூச்சு விட்டு, "கோமதி, ஆளு கெடச்சாரு. நல்லா திட்டுறாரு" என்றார். அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் கை தட்டியது கேட்டது.

தண்ணீர் வடிந்த பிறகு கூட்டம் போட்டார்கள். ஏன் தாமதம் என்று கேட்டார்கள். மண்டோர் வாய் திறக்குமுன் கோமதி எழுந்து நின்று, நான்தான் தப்பாகச் சொன்னேன் என்றாள். அவர் அவளை உட்காரச் சொல்லவில்லை. முழுதாகப் பேசவிட்டார். பிறகு, "வாக்கியில கேட்டவங்க எல்லாரும் தமிழ்ப்பள்ளி மேட்டுல இருக்குன்னு தெரிஞ்சவங்கதான். மேட்டுல எப்படி தண்ணின்னு ஒருத்தரும் கேக்கல. நானும் கேக்கல" என்றார். அதற்குமேல் யாரும் கோமதியைக் கேள்வி கேட்கவில்லை. இனிமேல் போனில் பேசுகிறவர் இடத்துக்கு என்ன சொல் சொல்கிறாரோ அதை முதலில் அப்படியே சொல்வது, அதன் பிறகு மலாயில் சொல்வது என்று அவரே ஒரு வழியும் சொன்னார். அதிகாரி ஒத்துக்கொண்டார்.

சில நாள் கழித்து காசிம் பாயின் மகள் அலுவலகத்துக்கு வந்தாள். மைமூன் என்று பெயர். தன் போனை எடுத்த அக்கா யார் என்று கேட்டாள். கோமதி எழுந்து நின்றாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நான்தாங்க. மொதல்ல தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பிட்டேன். மன்னிச்சிருங்க."

மைமூனுக்கு இது தெரியாது போலிருக்கிறது. "தமிழ்ப்பள்ளிக்கா?" என்றாள். அந்த நேரத்தில் அவள் என்ன சொல்லியிருந்தாலும் கோமதி கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நானும் பள்ளின்னுதானே சொன்னேன்," என்றாள் மைமூன். "கம்பெனிலயும் இப்படித்தான் அக்கா. வாப்பா பள்ளிக்குப் போயிருக்காஹன்னா, இந்த வயசுல எந்த வகுப்பு படிக்கிறாருன்னு கேட்டுச் சிரிப்பாளுஹ."

கோமதி சிரிக்கத்தான் பார்த்தாள், அழுதுவிட்டாள். மைமூன் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்போதுதான் மைமூன் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இன்னொரு விசயம். வாப்பா கேக்கச் சொன்னாஹ. மேச எங்கன்னு."

"எந்த மேச?"

"அவஹள தூக்குன மேச. ஒங்க லோரியிலேயே போயிருச்சாம். ரெண்டாவது தடவையும் மாஜ்லிஸ் என் மேசையத் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு நிவாரண மையத்துல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருந்தாஹ."

போய்த் தேடினேன். பறிமுதல் செய்த சாமான்களைப் போடும் கொட்டகையில், மற்ற கடைகளின் மேசை நாற்காலிகளுக்கு நடுவில், அது கால் மடங்கிக் கிடந்தது. லோரியைக் கழுவியவர்கள் வழக்கம்போல அங்கே இறக்கிவிட்டார்கள். மேசையைப் பார்த்தால் அவர்களுக்குக் கை தானாக அந்தப் பக்கம்தான் போகும். மண்டோரே துடைத்து, லோரியில் ஏற்றி, பச்சை கேட் வீட்டில் கொண்டுபோய் விரித்து வைத்தார். எங்கள் இருவரையும் அதன் முன்னால் உட்காரவைத்துச் சோறு போட்ட பிறகுதான் பாய் விட்டார். சாப்பிடும்போது, "இப்ப மேச வீட்டுக்குள்ளதான் இருக்கு, பாத்துக்க" என்று மண்டோரிடம் இரண்டு முறை சொன்னார்.

மண்டோர் பணி ஓய்வு பெற்று சிகாமட்டுக்கே போய்விட்டார். அவருக்குப் பின் நானும் ஓய்வு பெற்றேன். போன மாதம் கடைத்தெருவில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். தூறல். ஓரத்தில் மாஜ்லிஸ் லோரி ஒன்று நின்றது. புது லோரி, கதவில் ஒரே பெயர். உள்ளே உங்களில் யாரோ ஒரு மலாய்ப் பையன். இருபது வயதுக்கு மேல் இருக்கலாம். எனக்கு அவனைத் தெரியாது. வாக்கியில் கோமதி பேசுவது கேட்டது. அந்தக் குரல் எனக்குத் தெரியும். அவள்தான் இப்போது அங்கே மூத்தவள். யாரோ தமிழில் போன் செய்திருக்க வேண்டும். அவள் முதலில் அந்த ஆளின் சொல்லைச் சொன்னாள்: "பள்ளிக்கிட்ட."

பையன் பொத்தானை அழுத்தினான். தமிழ் ஒரு சொல்லும் அறியாத பிள்ளை, மலாயில் கேட்டான்.

"பள்ளி மானா, காக்? பள்ளி பெலாஜார் கா, பள்ளி செம்பாயாங் கா?"

எந்தப் பள்ளி அக்கா, படிக்கிற பள்ளியா, தொழுகிற பள்ளியா என்று கேட்கிறான். கேட்பதற்கு முன்னால் ஒரு மூச்சும் விட்டான். அதை யாரிடம் கற்றான் என்று அவனுக்கே தெரியாது.

பதில் வந்தது. லோரி கிளம்பி ஆற்றுப் பக்கம் திரும்பியது.